பிறந்தநாளுக்கு நான் வாசித்த மெட்டு

ஜெர்மனியில் பிராங்பேர்ட் நகரத்து முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் இங்குள்ள எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த மெட்டையும் ஒருதரம் கேட்டால் ஸ்வரப்படுத்திவிடுவேன் என்ற தலைக்கனம் எனக்கு உண்டு. அதை நான் மறைத்ததுமில்லை.

இல்லத்தில் ஒரு யூத மூதாட்டி இருந்தார். தொண்ணூறு தாண்டியவர். சிறுமியாகத் தகப்பனோடு நாஜிகளின் முகாமொன்றில் அடைபட்டவர். தகப்பன் வயலின் கலைஞர், திரும்பி வரவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றவர்கள் ஊட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார். என் கையால் மட்டும் சாப்பிடுவார். அதிலும் எனக்குப் பெருமைதான்.

தலைசீவிவிடும்போது வாயைத் திறவாமல் ஒரு மெட்டை முணுமுணுப்பார். யாருடைய பாட்டு என்று கேட்டேன். "அப்பா செய்தது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அழிய இருந்த ஒரு பாட்டைக் காப்பாற்றப்போகிறேன் என்று துள்ளிக்கொண்டு, இரண்டு கிழமையில் முழுவதையும் எழுதி முடித்தேன். அவருடைய மகளுக்கும் சொல்லவில்லை. திடீரென்று கொடுத்தால்தானே சந்தோசம்!

பிறந்தநாளன்று பின்னேரம் கேக் வெட்டியதும் வாசித்தேன். முதல் வரியிலேயே கண்ணை மூடினார். வலது கை தொடையில் விழத் தொடங்கியது, ஒரே சீராக. எங்கள் கச்சேரிகளில் முன்வரிசையில் இருப்பவர்கள் போடுகிற தாளம் என்றே நினைத்தேன். கேட்பவர் தாளம் போட்டால் நாங்கள் விடுவோமா? அதே வரியைத் திரும்ப எடுத்தேன். ஸ்வரங்களைக் கூட்டி, சங்கதி சேர்த்து இன்னொருதரம் எடுத்தேன். சக்கர நாற்காலிக்குக் கீழே தரை நனைந்தது. என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஓடிவந்தாள்.

"அக்கா, காணும்! நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினேன். அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நிறுத்தாதீர்கள் அப்பா. நிறுத்தினால் அடிப்பார்கள்."

பிறந்தநாளுக்கு வந்திருந்த மகள் என்னை வெளியே அழைத்துப்போய் விளக்கினார். முகாம் அதிகாரி தகப்பனை அடித்துச் செய்வித்த மெட்டு அது. காலையில் கைதிகள் வரிசையாக வேலைக்குப் போகும்போதும், மாலையில் செத்தவர்களைச் சுமந்துகொண்டு திரும்பும்போதும் அவர் அதை வாசிக்க வேண்டும். கடைசி ஆள் கடக்கும்வரை நிறுத்தக்கூடாது.

"நானே இன்றைக்குத்தான் அதை முழுதாகக் கேட்டேன்" என்றார் மகள். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

உள்ளே போனால் நிர்வாகி கைகுலுக்கினார். அருமையாக இருந்ததாம். டிசம்பரில் நத்தார் விழாவுக்கும் அதையே வாசிக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை கஞ்சியோடு அவருடைய அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் படுத்தபடியே கால்களைச் சேர்த்து, இரண்டு கைகளையும் உடலோடு ஒட்டி விறைப்பாக வைத்துக்கொண்டார். காலை வணக்கம் சொன்னேன்.

பதிலுக்குத் தன் கைதி எண்ணைச் சொன்னார்.