மார்கழி மாம்பழ வாசனை

உறையூரில் எங்கள் எதிர்வீட்டு மகாலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தருகே பழவண்டி போட்டிருக்கிறாள். கண்ணை மூடி முகர்ந்தே இது இமாம்பசந்த், இது கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது என்று சொல்லிவிடுவாள். புருஷன் போன பிறகு அந்த மூக்கை நம்பித்தான் மகள் ரஞ்சனியை பிளஸ் ஒன் வரை படிக்க வைத்தாள்.

போன மார்கழியில் ஒருநாள் காலை என் வீட்டுக்கு ஓடி வந்தாள். முகமே வேறாக இருந்தது.

“அக்கா, வீட்டுல மாம்பழ வாசனை வருதுக்கா! இது பழமே இல்லாத மாசம். எனக்குத் தெரியாத சாதிப் பழம் எது? இது பூமியில வெளஞ்சதே இல்ல. நம்ம வெக்காளியம்மன் வந்திருக்கா!”

போய்ப் பார்த்தேன். கற்பூரத்தையும் மீறிக்கொண்டு வாசனை. சாமியாடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அன்று உடம்பு சிலிர்த்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தன் கோயிலுக்குக் கூரையே வேண்டாமென்று வெயிலிலும் மழையிலும் இருக்கிற அம்மன், இந்த ஒழுகுகிற வீட்டுக்குள் வந்துவிட்டாளே என்று மகாலட்சுமி தேம்பினாள். ரஞ்சனி படிக்கிற மூலையில்தான் வாசனை அதிகம். அங்கே மகாலட்சுமி நெற்றி தரையில் பட விழுந்தாள்.

ரஞ்சனி அலறிவிட்டாள். “எந்திரிம்மா! சாமி இல்லம்மா. நான் ஊதுன புகைம்மா அது!”

ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்து நீட்டினாள். மகாலட்சுமி தோலை உரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

“என்னடி இது?”

“வேப்மா, மாம்பழ வாசனை போட்ட பேட்டரி சிகரெட்டு. ஃப்ரெண்டு குடுத்தா. வெறும் ஆவின்னு சொன்னா. இப்ப அது இல்லாம காலையில எந்திரிக்கவே முடியல. விடப் பாக்குறேன், முடியலம்மா.”

கொஞ்ச நாளாகப் படிப்பில் கவனமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தாள், மாடி ஏறினால் இருமினாள். வயசு அப்படி என்று நாங்கள்தான் விட்டுவிட்டோம்.

டாக்டரிடம் போனார்கள். நானும் போனேன். “வெறும் ஆவி இல்லம்மா. உள்ள நிக்கோட்டின் இருக்கு. இந்த வயசுல மூளை இன்னும் வளந்துக்கிட்டுதான் இருக்கு, சட்டுன்னு பிடிச்சுக்கும். ஞாபகம், கவனம் எல்லாம் கெடும். நுரையீரலும் கெடும். திட்டாதீங்க, கூட இருங்க” என்றார்.

மகாலட்சுமி கூடவே இருந்தாள். ரஞ்சனிக்குத் தலைவலி, தூக்கமில்லை, கை நடுக்கம். நடுவில் ஒரு தடவை திரும்ப ஊதினாள். அவளே வந்து சொல்லி அழுதாள். மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பள்ளி விட்டதும் வண்டிக்கு வந்து, ஆசை எழும்போதெல்லாம் கொய்யாவைக் கடித்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருப்பாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து அத்தனை பிடிவாதம் வந்ததோ, எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

சித்திரையில் மாம்பழம் வந்தது. ரஞ்சனி வண்டியருகே நின்று சிரித்துக்கொண்டே காய் பழம் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏண்டி மகா, அன்னிக்கு வந்தாளே வெக்காளி, அப்புறம் ஆளையே காணோம்?”

அவள் பழத்தைத் துடைத்தபடி சொன்னாள். “வந்தாதான்க்கா. வரலேன்னா எம்பொண்ணு வாயத் தொறந்திருப்பாளா?”

கிண்டல் பண்ணப் போன நான் நடுத்தெருவில் நின்று மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.