வெள்ளிக்கிழமை பத்தரை

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி என்றால் எனக்கு இன்றும் காது சூடாகிறது. ரத்தக்கொதிப்பு என்கிறார் டாக்டர். மற்ற ஆறு நாளும் அதே பத்தரைக்கு என் ரத்தம் பழைய சாம்பார் மாதிரி ஆறிப்போய்த்தான் கிடக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

தொண்ணூறுகளில் பெங்களூரில் நான் பார்த்த வேலை, வானத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பிடிப்பது. "எக்ஸ்ரேவா? எனக்கு முட்டி வலிக்குது, அப்படியே ஒண்ணு எடுத்துக் குடுத்துடேன்" என்று கேட்காத உறவினர் எங்கள் குடும்பத்தில் கிடையாது. ஒரு கருந்துளை பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சித் தின்னும்போது, உள்ளே போகிற வாயு பயங்கரமாகச் சூடேறி எக்ஸ் கதிர்களைக் கக்கும். அவை தரைக்கு வந்து சேராது. நம் காற்று வழியிலேயே குடித்துவிடும். ஆகவே பிடிக்கிற கருவியைக் காற்றுக்கு மேலே அனுப்பியாக வேண்டும்.

எங்கள் கருவி மூன்று அலுமினியப் பெட்டிகள். உள்ளே வாயு நிரப்பி, தங்கமுலாம் பூசிய கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டி, அவற்றில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், எக்ஸ் கதிர் நுழையும்போதெல்லாம் ஒரு துடிப்பு கிடைக்கும். மூன்றாவது பெட்டியின் கம்பிகளை நான் கட்டினேன். தலைமுடியைவிட மெல்லிசு. கட்டி முடிக்கும் நேரத்தில் தும்மல் வந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. எங்கள் குழுவின் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். அவர் எதிரே நின்று கம்பியைப் பார்க்காமல் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பெட்டி தயாராகிவிட்டது. தனியாக விண்கலம் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. பூமியைப் படம் பிடிக்கப் போகிற ஒரு விண்கலத்தின் ஓரத்தில், "இந்தாங்க, இங்க ஒட்டிக்குங்க" என்று இடம் கொடுத்தார்கள். ஒண்டுக்குடித்தனம். அந்த விண்கலத்தை இயக்கும் பொறுப்பில் இருந்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் வீட்டுக்காரர். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர். நெற்றியில் கீற்று, சட்டைப் பையில் குட்டிப் பஞ்சாங்கம், வாயில் எப்போதும் ஏலக்காய். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

விண்கலம் வருஷம் முழுக்க பூமியைப் பார்த்தபடி வயலையும் ஏரியையும் படம் எடுக்கும். எங்களுக்காக எப்போதாவது சில நாள் வானத்துப் பக்கம் திரும்பும். அந்த நாட்களுக்கு நாங்கள் தவம் கிடப்போம்.

அப்படியிருக்கையில் ஒரு கருந்துளை திடீரென்று பொங்கியது. வருஷக்கணக்காகச் சத்தமே இல்லாமல் கிடந்தது, தீபாவளி மாதிரி வெடிக்கத் தொடங்கியது. இந்த மாதிரிப் பொங்கல் சில வாரங்களில் அடங்கிவிடும். மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. உலகத்தில் எக்ஸ் கதிர்க் கருவி வைத்திருந்த எல்லோரும் அங்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் ராயலசீமாவின் கடலைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்காரரிடம் ஓடினேன்.

"சார், திருப்பணும் சார். அடங்கிடும் சார்."

"ஏன்பா இப்படி மூச்சு வாங்குறே? உக்காரு. எவ்ளோ தூரத்துல இருக்கு உன் கருந்துளை?"

"பல ஆயிரம் ஒளியாண்டு சார்."

"அப்போ இந்தக் கூத்து நடந்தே பல ஆயிரம் வருஷம் ஆச்சு. பல ஆயிரம் வருஷம் பொறுத்தவன், அடுத்த மாசம் வரைக்கும் ஸ்வல்பம் பொறுக்க மாட்டியா?"

அறிவியலாகப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். அங்கிருந்து மேடத்திடம் ஓடினேன். மேடம் மேலே போய்ப் பேசி, எங்கேயோ யாரையோ பிடித்து, ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு வாங்கி வந்தார். அவ்வளவுதான். மூன்று நாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சுற்றுப்பாதையில் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே, பூமியின் காந்தப்புலம் மெலிந்து, மின்துகள்கள் கீழே இறங்கிக் கூட்டமாக அலையும். எங்கள் குழுவில் அதற்கு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் என்று பெயர். அங்கே நுழையும்போது பர்ஸை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதாவது மின்னழுத்தத்தை அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் போனால் துகள் வெள்ளத்தில் பெட்டிக்குள் பொறி கிளம்பி, கம்பி போய்விடும். அதனால் பெட்டியை எழுப்பும் கட்டளை போனவுடனேயே, எங்கெங்கே அணைய வேண்டும் என்கிற கட்டளை வரிசையும் போக வேண்டும். தூங்குகிற பெட்டி வரிசையை வாங்கிக்கொள்ளாது, அதனால் எழுப்புவது முதலில், பர்ஸ் பின்னால். இரண்டும் ஒரே மூச்சில்.

அந்த விண்கலம் தினமும் காலை கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்குத்தான் பெங்களூருக்கு மேலே வரும், பால்காரர் மாதிரி. பத்தரை தாண்டிக் கொஞ்ச நேரம், தலைக்கு நேர் மேலே, நல்ல நீளமான சந்திப்பு. எங்கள் பாஷையில் 'பாஸ்'. அடுத்த சுற்றில் பன்னிரண்டு அடித்த பிறகு மேற்கே அடிவானத்தோரமாக ஒருதரம் எட்டிப் பார்க்கும். அரைகுறைச் சந்திப்பு. பிறகு இரவுதான்.

வெள்ளிக்கிழமை. கட்டளை அறையில் நான் விடிந்ததிலிருந்து இருக்கிறேன். பயத்தில் மூன்று காபி, நான்கு தடவை கழிவறை. காபி மூன்றுதானே, நாலாவது எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. சிக்னல் வந்தது. திரையில் எண்கள் பச்சையாக ஓடின. கட்டளைகளைத் தட்டி அனுப்பும் இயக்குபவர் கையை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப வேண்டாம். அடுத்த பாஸ்ல பண்ணிக்கலாம்."

"ஏன் சார்? எதாவது பிரச்சினையா?"

"வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு என்ன? ராகு காலம். புதுசா ஒண்ண ஆரம்பிக்கறப்ப பாக்க வேண்டாமா?"

நான் சிரித்தேன். ஜோக் என்றே நினைத்தேன். சிரித்தது நான் ஒருவன்தான் என்று கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

"சார், அடுத்த பாஸ் அடிவானத்துல வருது. பாதியில கட் ஆயிடும்."

"ஆகாது. ஏன்பா அபசகுனமா பேசறே?"

"மேல ராகு காலம் கிடையாது சார்! அது ஒரு நாளைக்குப் பதினாலு தடவை சூரியோதயம் பாக்குது!"

"கட்டளை இங்கேர்ந்துதானே போகுது? பெங்களூர்ல ராகு காலம் இருக்கே."

பேசிக்கொண்டிருக்கையிலேயே விண்கலம் கன்னியாகுமரியைத் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம்தான் இயக்குபவர் மெதுவாகச் சொன்னார், எல்லா வெள்ளியும் இப்படித்தானாம். காலைப் பாஸில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்களாம். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுதி வைக்காத விதி. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா என்ன!

பன்னிரண்டுக்கு மேல் விண்கலம் மேற்கே தலையைக் காட்டியது. வீட்டுக்காரர் கண்ணை மூடித் திறந்து, "ம்" என்றார். எழுப்பும் கட்டளை போனது. மின்னழுத்தம் ஏறத் தொடங்கியது. பர்ஸ் வரிசை பாதி போய்க்கொண்டிருக்கும்போது திரை நின்றது. சிக்னல் போய்விட்டது. பாதி வரிசையை விண்கலம் ஏற்காது. வாங்கியதை அப்படியே தூக்கிப் போட்டுவிடும்.

ஆக, பெட்டிகள் மூன்றும் விழித்திருக்கின்றன. அணைக்கச் சொல்ல ஆளில்லை. சாயங்காலம் சிவாஜிநகர்.

வடதுருவத்துப் பக்கம் ஒரு வெளிநாட்டு நிலையம் விண்கலத்தின் பேச்சைக் கேட்டுச் சொல்லும். ஆனால் பதில் பேச அதற்கு உரிமையில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக நம் வீட்டு அடுப்பில் பால் பொங்குவதைப் பார்க்கிறவர் மாதிரி. மதியம் அங்கிருந்து போன் வந்தது. மூன்று பெட்டியிலும் முழு மின்னழுத்தம், எல்லாம் அருமையாக இருக்கிறது, வாழ்த்துகள் என்றார் அந்தப் புண்ணியவான்.

அன்று மதியம் நான் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும். அறையைச் சுற்றி நடந்தேன். ராஜினாமா உரையைக் கழிவறைக் கண்ணாடியிடம் பேசிக் காட்டினேன். நன்றாகவே வந்தது. வீட்டுக்குப் போன் போட்டு நடந்ததைக் கத்தினேன். என் மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "என்னங்க, அது எங்கியோ மேல கிடக்குது, நீங்க ஏன் இங்க பொரியறீங்க? சாப்டீங்களா?" என்றாள். சாப்பிடவில்லை. டிபன் டப்பாவைத் திறந்தால் தயிர் சாதத்துக்கு நடுவில் எலுமிச்சை ஊறுகாய். அன்றைய மனநிலையில் அதுகூட யாரோ திருஷ்டிக்கு வைத்ததுபோல் தெரிந்தது. மூடிவிட்டேன்.

வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏலக்காய் வேணுமா?" என்றார். அந்த நிமிஷம் நான் எதுவும் செய்யாமல் இருந்தேன் பாருங்கள், அதற்காகத்தான் எனக்கு ஏதாவது விருது கொடுத்திருக்க வேண்டும்.

பொழுது சாய்ந்த பிறகு அடுத்த போன் வந்தது. முதல் இரண்டு பெட்டிகளில், கடைசித் துணைக்கு என்று வைத்திருந்த பாதுகாப்பு மின்சுற்று மின்னழுத்தத்தைத் தானாக அணைத்துவிட்டிருந்தது. மூன்றாவதில் அது வேலை செய்யவில்லை. மின்னழுத்தம் மட்டும் இருந்தது, துடிப்பே இல்லை. இரவுச் சந்திப்பில் அணைத்து, மறுநாள் எழுப்பிப் பார்த்தோம். மறுநாளும் இல்லை. அதற்கப்புறம் எப்போதும் இல்லை.

மீதி இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு சனியும் ஞாயிறும் அந்தக் கருந்துளையைப் பார்த்தோம். அது தாறுமாறாகத் துடித்ததை எங்கள் வரைபடங்களில் இன்றும் பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகமான நுணுக்கத் துடிப்புகளைச் சொல்ல, பிடித்த கதிர்கள் போதவில்லை. மூன்று பெட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்போம். வேறு நாட்டில் வேறு யாரோ சொன்னார்கள்.

விசாரணைக் கூட்டம் கூட்டினார்கள். நீள மேஜை, பிஸ்கட், பெரிய அதிகாரிகள். உள்ளே போவதற்கு முன் மேடம் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"நான் பேசறேன். ராகு காலம்னு நேரா சொல்லி, எழுத்துல வர வைக்கப் போறேன். நீ காமெடி பண்ணாதே."

"நானா மேடம்?"

"நீதான்."

மேடம் நன்றாகவே தொடங்கினார். சந்திப்பு ஏன் தள்ளிப்போனது என்று கேட்டார். வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. "வழக்கமான நடைமுறை" என்று முனகினார். என்ன நடைமுறை என்று தலைமை அதிகாரி திரும்பிக் கேட்டார்.  இன்னும் ஒரு நிமிஷம் யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவரே அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார். அது பதிவாகியிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது.

"சார், ஒரு யோசனை. காலை ஏழரைலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் எந்த நேரத்தை எடுத்தாலும் வாரத்துல ஒரு நாள் ராகு காலம் மாட்டுது. அதனால அடுத்த விண்கலத்தைக் காலை ஆறு மணிப் பாதையில விட்டுடலாம். ஆறுலேர்ந்து ஏழரை வரைக்கும் எந்தக் கிழமையும் ராகு காலமே கிடையாது."

வீட்டுக்காரர் கையைப் பைக்குள் விட்டார். பஞ்சாங்கத்தை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை. உண்மையான அக்கறையோடு என்னைப் பார்த்து,

"நல்ல யோசனைதான்பா. ஆனா வியாழக்கிழமை ஆறு மணிக்கு எமகண்டம் வருதே" என்றார்.

அறை வெடித்தது. தலைமை அதிகாரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறி பிஸ்கட் சிதறியது. யாரோ முதுகில் தட்டினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டுக்காரரும் சிரித்தார், நிம்மதியாக. சிரிப்பு அடங்கியபோது கேள்வியும் அடங்கியிருந்தது. "சரி சரி, தொழில்நுட்பக் காரணம்னு போட்டுக்கலாம்" என்று தலைமை அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. தாழ்வாரத்தில் என்னைக் கடந்து போகும்போது என் மூக்கைப் பார்த்தார், கம்பி கட்டும் நாட்களில் பார்த்த மாதிரியே. 

எங்கள் ஆய்வுக் கட்டுரையில் மூன்றாவது பெட்டியைப் பற்றி ஒரே ஒரு வரி வரும். அது இயங்கும் நிலையில் இல்லை என்று. அந்த வெள்ளிக்கிழமைகளும் மாறவில்லை என்று இயக்குபவர் பிறகு சொன்னார். அந்த விண்கலம் ஓய்கிற வரை, வெள்ளிதோறும் பத்தரைக்கு மேல் பெங்களூரின் தலைக்கு நேராக வந்து, யாரும் எதுவும் சொல்லாததால், பேசாமல் தெற்கே போய்க்கொண்டிருந்தது.