பஸ்ஸுக்குள் வந்த கடற்கரைகள்

1. பிடித்ததும் பிடிக்காததும்

முதல் நாள் செஃப் தூசி உறிஞ்சும் மெசினை என் கையில் தந்தார். முதலாளியை இங்கே செஃப் என்றுதான் சொல்வோம்.

"இது கேம்பரிலை இருந்து வந்த பஸ். ஒரு பருக்கை மணல் கிடந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுவன்."

எண்பதுகளின் நடுப்பகுதி. பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில், ஒரு சுற்றுலா பஸ் கம்பனி. கோடையில் அந்த பஸ்கள் இங்கிலாந்தின் தென்கரைக்குப் போகும். கேம்பர், ஹேஸ்டிங்ஸ், ஈஸ்ட்போர்ன், பிரைட்டன். நான் ஒன்றுக்கும் போனதில்லை. அகதி மனுவுக்கு முடிவு வராதவனுக்குத் தருகிற அட்டைதான் என்னிடம் இருந்தது. அதோடு எல்லையைத் தாண்டினால் திரும்பி வர முடியாது.

கடற்கரைகள் பஸ்ஸுக்குள் வந்தன. பிரைட்டனும் ஈஸ்ட்போர்னும் கூழாங்கல். சீற்றுக்குக் கீழே உருண்டு கிடக்கும், கையால் பொறுக்கினால் வேலை முடிந்தது. எனக்குப் பிடித்த கடற்கரைகள் அவைதான். ஹேஸ்டிங்ஸ் பரவாயில்லை. பொரித்த மீன் மணக்கும், எண்ணெய்க் கடதாசியைக் கூட்டினால் போதும். கேம்பர்தான் அரியண்டம். மா மாதிரி மணல். கார்ப்பெட்டில், சீற்றுத் தையலில், ஜன்னல் இடுக்கில் எல்லாம் போய் இருந்துகொள்ளும்.

2. ரூடியிடம் கேட்டது

அப்பா லண்டனில் தம்பி வீட்டில் இருந்தார். அங்கேயே செத்துப்போனார். மூத்தவன் நான், கொள்ளி வைக்க வேண்டியவன். தம்பி வைத்தான்.

வேலையிடத்தில் நான் சொல்லவில்லை. சொன்னால் போகப் போகிறாயா, எத்தனை நாள் என்று கேட்பார்கள். போக முடியாதவன் என்ன பதில் சொல்வது?

லண்டனிலிருந்து தம்பி போன் எடுத்தான்.

"அண்ணை, அஸ்தியைக் கடலிலை கரைக்கவேணும். உங்களுக்குத்தானே இங்கத்தைக் கடற்கரையெல்லாம் தெரியும்."

"நான் எங்கையடா கண்டன்? கூட்டித்தான் தெரியும்."

"கல்லில்லாத இடமாச் சொல்லுங்கோ. வெறுங்காலோடை இறங்கவேணும்."

ரூடி எங்கள் மூத்த டிரைவர். அந்தக் கரை முழுக்க அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. அவனிடம் கேட்டேன்.

"மணல் எண்டால் கேம்பர்தான்," என்றான். "ஆர் போறது?"

"தம்பி."

"பிள்ளையளோடை விளையாடவோ?"

"ஓம்," என்றேன்.

"கடல் வத்துற நேரம் போகவேண்டாமெண்டு சொல்லு. அங்கை வத்தினால் கடலைத் தேடித்தான் பிடிக்கவேணும்."

அதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"ஐயர் சனிக்கிழமை பதினொரு மணியெண்டு பஞ்சாங்கம் பாத்துக் குறிச்சுத் தந்திட்டார். இனி மாத்த ஏலாது. கடல் எங்கை அண்ணை போகப்போகுது?"

எங்கள் ஊர்க் கடல் காலையும் மாலையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கிடக்கும். வற்றினாலும் நாலு எட்டு வைத்தால் தண்ணீர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3. சனிக்கிழமை

பின்னேரம் போன் வந்தது.

"கடலைக் காணேல்லை, அண்ணை."

"என்னடா சொல்லுறாய்?"

"வெறும் மணல். தூரத்திலை வெள்ளையா ஒரு கோடு தெரியுது, அதுதான் கடலாம். ஐயர் சப்பாத்தைக் கழட்டமாட்டன் எண்டிட்டார். கரையிலை நிண்டு குளிரிலை நடுங்கிக்கொண்டு, நேரம் போகுது தம்பி, நேரம் போகுது எண்டு கத்துறார். நான் வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு அஸ்திச் சட்டியோடை ஓடுறன். ஆரோ ஒருத்தரின்ரை நாய் ஒண்டு குலைச்சுக்கொண்டு பின்னாலை."

"தண்ணிக்குப் போய்ச் சேர்ந்தியோ?"

"இல்லை. பாதியிலை நேரம் வந்திட்டுது. ஒரு பள்ளத்திலை கொஞ்சத் தண்ணி நிண்டது, அதிலை கவிழ்த்தன். காத்து அடிச்சுது. கனக்க மணலிலைதான் விழுந்தது."

தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, அப்பா போய்ச் சேர்ந்திருப்பாரோ?"

"தண்ணி பிறகு வந்திருக்கும்," என்றேன்.

"நான் நிண்டு பாக்கேல்லை. ஐயர் இன்னொரு வீட்டுக்குப் போகவேணுமெண்டு நிண்டார்."

4. திங்கட்கிழமை

காலையில் வேலைக்குப் போனால் ரூடியின் பஸ் நின்றது. அவன் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கினான்.

"கோவிக்காதை. சனி மத்தியானம் கேம்பரிலை நிண்டனாங்கள். கடல் வத்திக் கிடந்தது. கிழடுகள் எல்லாம் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு நல்ல தூரம் நடந்து போச்சினம்."

பஸ்ஸுக்குள் ஏறினேன். நடைபாதை முழுக்க மணல். வழக்கமான மணல்தான், சாம்பல் நிறம். பார்த்துக்கொண்டு நின்றேன். காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செஃப் கதவடியில் வந்து நின்றார்.

"என்ன, மணலை எண்ணுறியோ? ரெண்டு மணிக்கு பஸ் வெளிக்கிடவேணும்."

சப்பாத்தைக் கழற்றிப் படியில் வைத்தேன். மெசினைப் போட்டேன். கடைசி சீற்று வரைக்கும் உறிஞ்சினேன். செஃப் விரலால் தடவிப் பார்த்து, நல்லது என்றார்.

மெசினுக்குள் இருக்கும் கடதாசிப் பையைக் குப்பைக்குள் எறிவதுதான் வழக்கம். அன்றைக்கு எறிய மனம் வரவில்லை. வேலை முடிந்து ஆரே ஆற்றுக்குக் கொண்டுபோனேன். அந்த ஆறு ரைனில் விழும், ரைன் கடலில் விழும். கரையில் குந்தியிருந்து கொட்டினேன். சைக்கிளில் போன ஒரு பெண் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பொலிஸ்காரன் வந்தான்.

"என்ன கொட்டினது?"

"மணல்."

"எங்கத்தை மணல்?"

"இங்கிலாந்து."

அட்டையைக் கேட்டான். கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"நீ இங்கிலாந்துக்குப் போனனியோ?"

"இல்லை. பஸ் போனது. நான் பஸ் கூட்டுறனான்."

"அப்ப குப்பை. குப்பையை ஏன் ஆத்திலை கொட்டுறாய்?"

பையின் வாயைச் சுருட்டி மூடினேன்.

"உங்கடை நாட்டிலை அப்பிடியாக்கும். இஞ்சை தொட்டி இருக்கு," என்றான்.

பையைத் தொட்டியில் போடும் வரைக்கும் பக்கத்தில் நின்றான். பையின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போட்டேன். அட்டையைத் திருப்பித் தந்தான்.

இப்போது வேலைக்கு வருகிற பெடியளுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் இழவு விழுந்தால் வேலையிடத்தில் சொல்லிவிடுங்கள். செஃப் இரங்குவார் என்று இல்லை. லீவும் தரமாட்டார். ஆனால் அந்த ஒரு பஸ்ஸையாவது வேறு ஒருவனிடம் கொடுத்திருப்பார்.