து.ப. ஒரு கிலோ

சிவப்பு மையைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்தாவது படிக்கும்போது வந்த கோபம் அது. தலை நரைத்தும் ஆறவில்லை.

நெட்டப்பாக்கம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். எங்கள் கடையில் எந்தச் சாமானையும் முழுப் பெயரால் எழுத யாருக்கும் பொறுமை கிடையாது. து.ப. என்றால் துவரம் பருப்பு, ந.எ. என்றால் நல்லெண்ணெய். சீட்டு கொண்டுவருகிறவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தச் சீட்டுகளைப் படித்துப் பொட்டலம் கட்டுவது என் வேலை. எட்டாவது படித்த அண்ணனை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவன் படிக்கிற பிள்ளையாம்!

முழுப் பரீட்சையில் பொங்கலைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். கைப்பழக்கம் விடுமா? அம்மா பானையில் ப.அ., பா.ப. போட்டுப் பொங்கினாள் என்று எழுதி வைத்தேன். பச்சரிசியும் பாசிப் பருப்பும்தான். வகுப்பு சார் அந்தப் பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து முட்டை போட்டுவிட்டார். பிராகிரஸ் கார்டில் தோல்வி என்று முழுதாக எழுத மட்டும் அவருக்குக் கை வலித்திருக்கிறது. 'தோ' என்று போட்டு ஒரு புள்ளி. பக்கத்து ஊரில் ஆறாவது சேர இருந்த என் ஆசை அதோடு முடிந்தது. கார்டைப் பார்த்த அப்பா வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா அழவில்லை, ஆனால் அன்று முழுவதும் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

அடுத்த வாரம் சார் கடைக்கு வந்து சீட்டை நீட்டினார். அப்பாவை முந்திக்கொண்டு அம்மா அதை வாங்கினாள்.

"இன்னா சார் இது? து.ப. ஒரு கிலோன்னு போட்டுக்கீது. எனக்குப் புரியல. முழுசா எழுதிக் குடுங்க."

சார் சிரித்தார். "துவரம் பருப்பும்மா. கடைக்காரங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க எழுதினா துவரம் பருப்பு, எம் பொண்ணு எழுதினா முட்டையா?"

கடையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாருக்கு முகம் சுண்டிப்போனது. அப்பாவிடம் திரும்பினார்.

"சரி வுடுங்க. நாளைக்குப் பொண்ணை அனுப்புங்க. கட்டுரைய மறுபடி எழுதட்டும், பாஸ் போட்டுடறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவைத் தேடி உள்ளே ஓடப்போனேன்.

அப்பா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாம் சார். பெயிலுன்னா பெயிலுதான். எங்களுக்காவ நீங்க எதையும் மாத்த வேணாம்" என்று சொல்லி, நிறுத்த பருப்பின்மேல் இன்னொரு கை அள்ளிப் போட்டார்.

சார் போனதும் அம்மா அப்பாவைப் பார்த்து, "இதுக்குத்தான்யா காத்துக்கினு இருந்த" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சலுகை காட்டினாலும் வாங்காத மனுஷர் எங்கள் அப்பா என்று சிநேகிதிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர்கள் ஆறாவதுக்குப் போனார்கள். நான் காலையிலிருந்தே கடையில் உட்கார்ந்து, வாத்தியாரைத் திட்டிக்கொண்டே பொட்டலம் கட்டினேன்.

மறு வருஷம் அண்ணன் கணக்கில் பெயிலானான். அப்பா பெரிய பலாப்பழமாகப் பார்த்து வாங்கிக்கொண்டு கணக்கு வாத்தியார் வீட்டுக்குக் கிளம்பினார். சைக்கிள் கேரியரில் பழம் ஆடாமல் இறுக்கிக் கட்டிக்கொடுத்தது நான்தான்.