தடிக்க வேண்டிய சொட்டு

அலர்ஜி சோதனை செய்கிறவனுக்கு எதிரே நீட்டிய கை தடித்தால்தான் நிம்மதி. எப்போதாவது கையை நீட்டிவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஊசி வைத்திருந்தவனுக்கும் பயம்தான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். நான் எழுதும் சீட்டை நம்பி ஒருவர் சாப்பிடுவார் என்பது இன்னும் பழகவில்லை.

கேள்விப்பட்டது

இது நான் பார்த்ததல்ல. தென்காசி கிளினிக்கில் என்னுடன் வேலை பார்க்கும் செல்வி அக்கா சொன்னது. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், கை தடிக்காத ஒருவருக்கு ‘அலர்ஜி இல்லை’ என்று எழுதிவிட்டார். அந்த ஆள் மறுவாரமே இறால் தின்று, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாராம்.

தோலுக்கடியில் காவல் செல்கள் இருக்கின்றன. ஆகாத பொருள் பட்டால் அவை ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும், அந்த இடம் தடிக்கும். சந்தேகப்படும் ஒவ்வொரு உணவிலும் ஒரு சொட்டைக் கையில் வைத்து ஊசியால் குத்துவோம். கூடவே அந்த ஹிஸ்டமினையே தனியாக ஒரு சொட்டு வைத்துக் குத்துவோம். அது எல்லாருக்கும் தடித்தாக வேண்டும். “அந்தச் சொட்டு தடிக்கலன்னா மத்த சொட்டு சொல்லுதத நம்பாதலே,” என்றார் அக்கா.

எண்ணெய்க் கை

சீசனுக்கு வந்த மதுரைக்காரர் ஒருவர், குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் முடித்த கையோடு வந்து உட்கார்ந்தார். துடைத்தும் பயனில்லை. பால் சொட்டு வழுக்கிப் போய்க் கடலைச் சொட்டோடு சேர்ந்துகொண்டது. எது எதனால் தடிக்கிறது என்று தெரியவில்லை. மறு கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து முதலிலிருந்து தொடங்கினேன். “அரை மணி நேரம் உருவி ஏத்துன எண்ணெய், தம்பி,” என்றார்.

தடிக்காத கை

ஆய்க்குடி மாரியக்கா முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிறவர். வேலையிடத்தில் முகம் வீங்கியதால், சோதித்துச் சீட்டு கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள். முந்திரி ஒத்துக்கொண்டால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். முந்திரிச் சொட்டு தடிக்கவில்லை. மாரியக்கா சந்தோஷமாகப் பையை எடுத்தார். ஆனால் ஹிஸ்டமின் சொட்டும் தடிக்கவில்லை. தடிப்பை அமுக்கிவிடும் அலர்ஜி மாத்திரை எதையும் ஐந்து நாளாகப் போடவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார். மறுபடி கேட்டேன்.

“அலர்ஜி மாத்திர போடல தம்பி. முந்தாநேத்து அருவிக்குப் போனோம்லா, சளி பிடிக்காம இருக்க ஒண்ணு போட்டேன். எல்லாரும் போடுததுதான.”

டாக்டரிடம் சொல்லி, ‘சோதனை செல்லாது, ஒரு வாரம் கழித்து வரவும். அதுவரை வேலைக்குப் போகக் கூடாது’ என்று எழுதினேன். சீட்டை வாங்கிய அக்கா சொன்னார்: “என் கை சும்மாத்தான் இருக்கு. ஒங்க சீட்டுதான் வேலைக்குப் போகக் கூடாதுங்குது.”

மறுவாரம்

ஹிஸ்டமின் சொட்டு தடித்தது. முந்திரிச் சொட்டு அதைவிடப் பெரிதாகத் தடித்தது. மாரியக்கா கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதச் சொல்லத்தான் ஒரு வாரம் காக்க வச்சியளா?”

நல்ல சேதி வந்தால் முதலில் அதைச் சந்தேகப்பட வேண்டிய தொழில் இது: அந்தச் சளி மாத்திரை அட்டையைப் பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் படித்தேன், அதில் இருந்தது ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தேதான்.