வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பவர்

பெரியதம்பி இட்லியை வாயில் வைக்குமுன் இரண்டாகப் பிட்டு, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். உள்ளே ஓட்டை பெரிதாக இருந்தால் முகத்தைச் சுளிப்பார்; பிறகு தின்றும் விடுவார். கத்தரிக்காய் வாங்கினாலும் இதே கூத்துதான். "என்னாங்க, கம்பெனிய கம்பெனியிலயே உட்டுட்டு வரமாட்டீங்களா?" என்று மனைவி மேகலா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்த நாள் முதல், வண்டிகளுக்கு உதிரிபாகம் வார்க்கும் கம்பெனியில் எக்ஸ்ரே படம் பார்ப்பதுதான் அவர் வேலை. அலுமினியத்தை உருக்கி ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டால், வெளியே பளபளக்கும் பாகம் படத்தில் கருப்பு காட்டும். கருப்பு தெரிந்தால் கழிவுத் தொட்டிதான், பேச்சே கிடையாது. "மேல மினுக்கறத பாத்து ஏமாறக்கூடாது. உள்ள என்னா இருக்குதுன்னு பாக்கணும்" என்பார் டீக்கடையில். மனிதர்களைப் பற்றியும் இதையே சொல்லித் தொலைப்பதால், பெண் பார்க்கப் போகிற வீட்டார் அவரைக் கூட்டிப் போவதில்லை.

மகள் அனுப்ரியா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தவளுக்கு இப்போது ஒன்றரை வயது. தத்தித் தத்தி நடக்கிறாள். குறைமாதக் குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து ஆராய்கிறார்கள். அதில் இவளையும் சேர்த்திருந்தார்கள். அவளைத் தூங்க வைத்துப் படம் எடுத்து, உறையில் போட்டுக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் டாக்டர் விளக்கிச் சொல்வார் என்று அனுப்பினார்கள். விளக்கத்துக்குக் காத்திருக்கிற ஆளா இவர்? பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள், மேகலா கண்ணயர்ந்த நேரம் பார்த்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டார். மூளையின் நடுவில், இரண்டு பக்கமும் கருப்பு. புள்ளி என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு பெரிது.

அந்த வாரம் முழுக்க அவர் மேகலாவிடம் மூச்சு விடவில்லை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் குழந்தை அவர் தோளில்தான். "எறக்கி உடுங்க, கொஞ்சம் நடக்கட்டும்" என்றால், "வேணாம், உழுந்து தலையில அடிபட்டுக்கும்" என்பார். கம்பெனியில் ஓட்டை விழுந்த பாகம் ஒன்று வந்தது. அதைத் தொட்டியில் போட அவருக்குக் கை வரவில்லை. மேசையிலேயே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அடுத்த வாரம் விளக்கம் சொல்ல உட்கார்ந்த டாக்டர் ரேவதிக்குக் கன்னட வாடை அடிக்கிற தமிழ். "யாக்கே சார், முகம் இப்படி வாடிப்போச்சு?" என்று கேட்டதுதான் தாமதம், பெரியதம்பி உடைந்துவிட்டார். "மேடம், நடுவுல ரெண்டு ஓட்டை இருக்குதுங்களே... அதுக்கு மருந்து ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"என்னா ஓட்டை?" என்று மேகலா அவர் பக்கம் திரும்பினாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. நிறைமாதத்தில் பிறந்த வேறொரு குழந்தையின் படத்தைத் திரையில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். அதிலும் அதே இடத்தில் அதே கருப்பு. "ஓட்டை இல்ல சார். மூளைக்குள்ள நீர் நிக்கிற அறை. எல்லாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. சீக்கிரம் பொறந்த சில மக்களுக்கு அது பெருசா ஆயிடும், அதைத்தான் நாங்க அளக்கறோம். உங்க பாப்பாவுக்கு சரியான அளவுலதான் இருக்கு. ஸ்கூல் போற வயசுல இன்னொரு தடவ பாக்கலாம்."

"அப்ப ரிஜெக்ட் இல்லீங்களா மேடம்?" என்று கேட்டே விட்டார். கேட்ட பிறகுதான் வெட்கம் வந்தது. ஆனாலும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாற்காலியில் சாய்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டார். மேகலா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஒரு வாரமா இத ஒத்தையா மனசுல வச்சிக்கினு திரிஞ்சீங்களா? நான் எதுக்கு இருக்கறேன்?" என்றவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் புங்க மரத்தடியில் மகளை இறக்கி விட்டார். விட்டதுதான் தாமதம், அவள் ஓட்டமும் நடையுமாகப் போய், கால் தடுக்கி மண்ணில் குப்புற விழுந்தாள். மேகலா பதறி ஓடப் பார்த்தாள்.

"இரு மேகலா. அவளே எழுந்துக்குவா."

குழந்தை தலையைத் தூக்கி, அழுவதா வேண்டாமா என்பது போல அப்பாவைப் பார்த்தது. பெரியதம்பி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.