ஒரு வாளித் திலாப்பியாவோடு கடல் கடந்தேன்

போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, எந்தச் சக்கரவர்த்தியும் துணியாத படையெடுப்பு ஒன்றைத் தீவில் என் வீடு இருக்கும் டத்தோ கிராமாட்டிலிருந்து தொடங்கினேன். படை, ஒரு வாளி திலாப்பியா மீன்குஞ்சுகள். இலக்கு, கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் என் மச்சினன் குமாரின் சிமெண்டுத் தொட்டி.

காரணம் என் பேராசை. ஐம்பது குஞ்சு விட வேண்டிய தொட்டியில் ஐந்நூறு விட்டேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட என் சுண்டுவிரலைத் தாண்டவில்லை. தினமும் நாலைந்து செத்து மிதந்தன.

"மச்சான், மீன் வளக்கிறீங்களா, ஊறுகா போடுறீங்களா?" என்று குமார் போனில் சிரித்தான். பாதியையாவது உயிரோடு அவன் தொட்டியில் இறக்கியே தீருவேன் என்று சபதம் செய்தேன்.

படகுத்துறைக்குப் போன வாடகைக் காருக்குக் கட்டணம் பன்னிரண்டு வெள்ளி. அங்கிருந்து அக்கரைப் பட்டர்வொர்த்துக்கு ஃபெரி. சின்னப் பயணம்தான். ஆனால் நடுக்கடலில் குஞ்சுகளெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. தொட்டியில் செய்த மடத்தனத்தையே வாளியிலும் செய்திருக்கிறேன்!

எதிர் இருக்கையில் பெரிய பையோடு உட்கார்ந்திருந்த சாப்பாட்டுக் கடை பாய் எட்டிப் பார்த்தார். "மூச்சு முட்டுதுலா அண்ணே!"

"பாய், பையில என்ன வச்சிருக்கீங்க?"

"கடையில கொழம்பு கட்டிக் குடுக்கிற பிளாஸ்டிக் பை. புதுசு."

"குடுங்க பாய், ஒரு சாம்ராஜ்யமே உங்கள நம்பியிருக்கு!"

பைக்குக் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் குஞ்சு, மீதி காற்று. பாய் கொடுத்த ரப்பர் பேண்டைப் போட்டு, கண்ணில் பட்டவர் கையிலெல்லாம் திணித்தேன். ஃபெரியே மீன் கடையாகிவிட்டது. கரை தெரிவதற்குள் குஞ்சுகள் நிதானமாக நீந்தத் தொடங்கின.

இறங்கும்போது பாய் தன் கையிலிருந்த மீன் பையைத் திருப்பித் தரவில்லை. "வீட்டுல ஒரு தொட்டி சும்மா கெடக்குண்ணே. இத நான் வச்சுக்கட்டா?"

என் குடிமக்களையா? ரத்தம் கொதித்தது. பிறகு அவர் பையைப் பார்த்தேன். அத்தனை இடம் கிடைத்து அவை நீந்தி அன்றுதான் பார்க்கிறேன். "எடுத்துக்குங்க பாய்," என்றேன். இன்னும் நாலு பேரும் கேட்டார்கள். கொடுத்தேன்.

குமார் காரோடு காத்திருந்தான். இருபத்தைந்து கிலோமீட்டர் வழி நெடுக ஒரே கேலி. "பாதி வரும்னீங்க, பாதியில பாதிதான் இருக்கு?"

"உசுரோட இருக்குல்ல? பேசாம ஓட்டுடா."

மீன் கொண்டுபோகிறவர்களுக்கு: பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் வேண்டாம். வெயில் படக்கூடாது. போனதும் பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுப் பிறகு திறவுங்கள்.

என் வீட்டில் இன்னும் பாதிப் பட்டாளம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. டத்தோ கிராமாட் பக்கம் வருகிறவர்கள் ஒரு பை கொண்டு வாருங்கள். வெறுங்கையோடு யாரையும் அனுப்புவதாக இல்லை.